முதல் குக்ரி: சாணைச் சக்கரத்திடம் கொடுக்காதீர்கள்

போன மாதம் நண்பரின் மகன் காத்மாண்டு போய் வந்தான். வந்த கையோடு, வாங்கி வந்த குக்ரியை, நேபாளத்தின் அந்த வளைந்த கத்தியை, துணியில் சுற்றி என்னிடம் எடுத்து வந்தான். "மாமா, கூர் பத்தலைன்னு கடையில குடுத்து சாணை பிடிச்சேன். இப்ப மூங்கில வெட்டினா வாய் மடங்குது" என்றான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அலகு அகன்று வரும் வயிற்றுப் பகுதியின் ஓரம் நெடுக, ஒரு நெல்மணி அகலத்துக்கு நீல நிறம் ஓடியிருந்தது. வயிறு எரிந்தது எனக்கு.

கிழக்கு நேபாளத்தில் தரானில் வேலை பார்த்த காலத்தில் என் முதல் குக்ரியை நானும் இப்படித்தான் கெடுத்தேன். அதன் பிறகு இதே தவறோடு வந்து நின்றவர்கள் பலர். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை, ஈரத்தோடு வைக்காதே என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காட்சிக்குச் செய்ததை வேலைக்கு வாங்குவது

காத்மாண்டுவின் தமேல் தெருக்களில் சிங்கத்தலைப் பிடியும், அலகெல்லாம் பூவேலையும், கண்ணாடிப் பளபளப்புமாக வரிசை வரிசையாகத் தொங்கும். சுவரில் மாட்ட அழகு. அவற்றில் பல தோய்ச்சலே, அதாவது காய்ச்சித் தண்ணீர் காட்டி எஃகை இறுக்குவதையே, காணாதவை. வேலைக்கான குக்ரியைப் பெரும்பாலும் லாரியின் வில்பட்டையில்தான் அடிக்கிறார்கள், நம்மூர் அரிவாள் போலவே. போஜ்பூர், தரான் பக்கம் காமி எனப்படும் கொல்லர்கள் தலைமுறைகளாக இதைச் செய்து வருகிறார்கள். அவர்கள் பட்டறைக்கு 'ஆரன்' என்று பெயர்.

வாங்கப் போகும்போது சின்ன அரம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுப் பகுதியின் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், மெல்ல இழுத்தால் அரம் வழுக்க வேண்டும். முதுகில் இழுத்தால் கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கடித்தால் அந்தக் கத்தி வேண்டாம். அரம் போடவே விடாத கடையும் வேண்டாம்.

பெரிதாக வாங்குவது

முதல் குக்ரிக்கு 10 அங்குல அலகு போதும். எடை அரை கிலோவை ஒட்டி இருந்தால் சரி. 13 அங்குலத்தைக் கையில் எடுத்தால் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் இருபது வெட்டுக்குள் மணிக்கட்டு தளரும், தளர்ந்த கையில் கத்தி குறி தவறி முழங்காலுக்கு வரும். சிருபாதே என்ற ஒல்லி வகையையும் முதலில் எடுக்காதீர்கள். சிரு புல்லின் இலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கொடியும் புதரும் வெட்ட அருமையானது, விறகுக்கு ஆகாது.

சாணைச் சக்கரம்

இதற்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

என் குக்ரியை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைவீதியில் ஒரு பட்டறையில் மின்சாரச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. கொடுத்தேன். ஐந்து நிமிடம் பொறி பறந்தது. முன்கை முடியைச் சிரைக்கும் கூரோடு திரும்பி வந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அடுத்த நாள் காய்ந்த சால் மரக் கிளை ஒன்றில் நாலு போடு போட்டேன். வாய் தகரம் மாதிரி சுருண்டுவிட்டது. கத்தி போலி என்று நினைத்து, விற்ற கொல்லரிடமே எடுத்துக்கொண்டு கோபமாகப் போனேன்.

அவர் எதுவும் பேசவில்லை. அரத்தை எடுத்து வாயில் ஒரு இழுப்பு இழுத்தார். கரகரவென்று கடித்தது. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அன்றைக்கு அடித்து வைத்திருந்த புது அலகு ஒன்றை உலையில் வைத்தார். செக்கச் சிவந்ததும் வெளியே எடுத்து, தேநீர்க் கெண்டியிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீரை வாயின் மேல் மட்டும் ஓட்டினார். முதுகில் ஒரு சொட்டுப் படவில்லை. வாய் கறுத்து இறுகியது, முதுகு இன்னும் சிவப்பாகவே இருந்தது. முதுகில் மிச்சமிருந்த சூடு மெதுவாக வாய்க்கு இறங்க, நிறம் மாறுவதைக் கண் எடுக்காமல் பார்த்திருந்து, சரியான நேரத்தில் தண்ணீர் காட்டி நிறுத்தினார். குக்ரியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வாய் கடினமாக இருந்து கூரைப் பிடித்துக்கொள்கிறது, முதுகு மென்மையாக இருந்து அடியின் அதிர்ச்சியைத் தாங்குகிறது. அந்தக் கடினமும் வாய் நெடுக ஒரே அளவு இல்லை. வயிற்றில்தான் மிகுதி, நுனியிலும் பிடியை ஒட்டியும் குறைவு.

சக்கரம் இதைத்தான் அழிக்கிறது. வாய் மெல்லியது, சூடு ஓடிப் பரவ அங்கே இடமில்லை. எஃகு 220 டிகிரி செல்சியஸை ஒட்டி வைக்கோல் நிறம் காட்டும், 300 டிகிரியை ஒட்டி நீலமாகும். நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடத்தின் தோய்ச்சல் இளகிவிட்டது என்று அர்த்தம். உடனே தண்ணீரில் முக்கினாலும் போனது திரும்பாது. இதைவிட மோசம், அந்த நீலத்தைச் சாணைக்காரர் பஃப் அடித்து அழித்துக் கொடுத்துவிடுவார். கத்தி பளிச்சென்று இருக்கும், முதல் கூரும் நன்றாகவே இருக்கும். முடியைச் சிரைத்துப் பார்த்து ஏமாந்துபோவோம். மென்மையான எஃகிலும் கூர் ஏறும், ஏறியது நிற்காது.

இன்னொரு சேதமும் உண்டு. குக்ரியின் வாய் இருபுறமும் லேசாகப் புடைத்து வந்து கூரில் முடியும். அந்தப் புடைப்புதான் கட்டைக்குள் இறங்கும்போது வாய்க்கு முட்டுக் கொடுக்கிறது. சக்கரம் அதைச் சீவித் தட்டையாக்கிவிடும். அப்புறம் தோய்ச்சல் மிஞ்சியிருந்தாலும் வாய் உதிரும்.

சரி, எப்படித் தீட்டுவது? உறையில் குக்ரியோடு இரண்டு குட்டிக் கத்திகள் வரும். கர்தா சில்லறை வேலைக்கு. சக்மக்கில் கூர் இருக்காது, அதைப் பார்த்து 'இது எதற்கு' என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. சிக்கிமுக்கிக் கல்லில் தட்டித் தீ உண்டாக்கவும், மடிந்த வாயை நிமிர்த்தவும் வைத்திருப்பது அது. வேலை முடிந்ததும் வாயின் இருபுறமும் சக்மக்கால் பத்துப் பத்து முறை உரசினால் பெரும்பாலான நாட்களுக்குப் போதும். கூர் உண்மையிலேயே மழுங்கினால் நீர்த்தாள், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், வாங்குங்கள்: 400 எண், அப்புறம் 800, அப்புறம் 1200. தடித்த தோல்துண்டு ஒன்றின் மேல் விரித்து, வாய் பின்னால் வர, முதுகுப் பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். தோல் அமுங்கிக் கொடுப்பதால் புடைப்பு அப்படியே நிற்கும். உள்வளைவில் தட்டைக் கல் படியாது. அங்கே தாளை உருண்டைக் குச்சியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனின் குக்ரியைக் கை அரத்தால் தேய்த்தோம். நீலம் மறைந்தால் போதாது, அரம் வழுக்கத் தொடங்கும் எஃகு வரும்வரை தேய்க்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் அலகு போய்விட்டது. தோய்ச்சல் அதைவிட ஆழமாகப் போயிருந்தால் பிடியைக் கழற்றி மறுபடி உலையில்தான் வைத்தாக வேண்டும். அதில் அலகு கோணவும் செய்யும், பிளக்கவும் செய்யும்.

உறைக்குள்ளேயே வைத்திருப்பது

தோல் ஈரம் இழுக்கும், அலகு துருப்பிடிக்கும். துடைத்து, மினரல் ஆயில் ஒரு பூச்சுப் பூசி, வெளியே வையுங்கள். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்காகிவிடும்.

உறையைக் கை சுற்றிப் பிடித்து உருவுவது

வாய் உறையின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். விரல்கள் அந்தப் பக்கம் இருந்தால் நான்கும் போகும். உறையின் முதுகுப் பக்கத்தை மட்டும் பிடியுங்கள். முதல் ஓர் அங்குலத்தை மெதுவாக உருவுங்கள்.

ரத்தம் காட்டாமல் உறையில் போடக் கூடாது என்று நம்புவது

பொய்.

சட்டத்தை மறப்பது

இந்தியாவின் ஆயுத விதிகளில் குக்ரியின் பெயரே இருக்கிறது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதக் கணக்கில் சேரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. வாங்குவதற்கு முன் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடி ஆடியதும் ஆணி அடிப்பது

பல குக்ரிகளில் அலகின் காம்பு பிடிக்குள் குறுகிப் போய் அரக்கில் நிற்கும். நேபாளத்தில் அதை 'லாஹா' என்பார்கள். காம்பு பிடி முழுக்க ஓடி ஆணி அறைந்து வரும் பானாவால் வகையும் உண்டு. ஆரம்பத்தில் பலர் அதுதான் உறுதி, மற்றது மட்டம் என்று நினைக்கிறார்கள். நன்றாகச் செய்திருந்தால் இரண்டும் உழைக்கும். அரக்குப் பிடிக்கு ஆகாதது சூடு. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் கிடந்தால் அரக்கு இளகிப் பிடி ஆடும். அதற்காக எருமைக் கொம்புப் பிடியில் துளை போட்டு ஆணி இறக்கினால் கொம்பு பிளந்துவிடும். இளகிய அரக்கை மறுபடி இளக்கி உட்கார வைத்தாலே போதும்.

என்னுடையதும் ஒருமுறை ஆடியது. அதே கொல்லர் பிடியைக் கழற்றி, துளைக்குள் அரக்குத் தூளைக் கொட்டி, அலகில் ஈரத்துணி சுற்றிக் காம்பை மட்டும் சூடாக்கி உள்ளே அழுத்தினார். வழிந்த அரக்கைக் கட்டை விரலால் வழித்துவிட்டு, சுவரோரம் நிழலில் சாய்த்து வைத்தார். நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இறுகிவிட்டது.