இரட்டை முடிச்சு போட்ட குப்பைப் பை

எங்கள் தெரு பாளையங்கோட்டையில் இருக்கிறது. வட்டாரத்தின் மக்கும் குப்பையெல்லாம் மாநகராட்சியின் நுண் உரக் கூடத்துக்குப் போகும். ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்தேன். தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் கேரி பேக்குகளை ஒவ்வொன்றாகக் கிழித்துச் சோற்றையும் பிளாஸ்டிக்கையும் கையாலேயே பிரித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பையில் இரட்டை முடிச்சு. தெருவில் அப்படி முடிகிறவள் நான்தான்.

அன்றிலிருந்து மூடி போட்ட வாளியில்தான் ஈரக் குப்பை. அடியில் பழைய செய்தித்தாள் ஒன்று, கவர் கிடையாது. ரசத்தையும் குழம்பையும் வடித்துவிட்டுப் போடுங்கள். நீர் கோத்துக்கொண்டால் காற்றுப் போகாது, நாறும். வாழை இலையை உள்ளங்கை அளவுக்குக் கிழித்துப் போட்டால் சீக்கிரம் மட்கும். சிரட்டை எளிதில் மட்காது, அதைத் தனியாக வையுங்கள்.

பால் பாக்கெட்டை அலசிக் காயவைத்தால் மறுசுழற்சிக்குப் போகும், பழைய பேப்பர் கடையிலும் எடுப்பார்கள். அழுக்கான பிளாஸ்டிக்கை அவர்கள் சீந்த மாட்டார்கள். நாப்கினைத் தாளில் சுற்றிக் கொடுங்கள். பழைய பேட்டரியையும் காலாவதி மாத்திரையையும் வேறு பையில் கொடுக்க வேண்டும். ஈரக் குப்பை, உலர் குப்பை, அபாயக் குப்பை என்ற இந்த மூன்று பிரிவும் 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்ததுதான்.

கொடுக்காமலே இருப்பது இன்னும் நல்லது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, ஆனாலும் பார்சல் சாம்பார் கவரில்தான் வருகிறது. தூக்குவாளியை நீட்டினால் எந்த ஓட்டல்காரரும் கோபித்துக்கொள்வதில்லை.

கொல்லையில் இடமிருந்தால் ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கலாம். பக்கவாட்டில் துளை போட்ட பெரிய மண்தொட்டி ஒன்று வாங்குங்கள். ஒரு கை ஈரக் குப்பைக்கு இரண்டு கை சருகு. பங்குனியில் உதிரும் வேப்பஞ்சருகை நான் சாக்கில் கட்டி வைத்துக்கொள்வேன். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளிக்கலாம், நுண்ணுயிர்கள் பெருகும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. நாற்றமா, சருகு கூட்டுங்கள். எறும்பு ஊர்கிறதா, காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். சூடு எழுந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை மண் வாசத்தோடு உதிரும். சலித்துக் கத்தரிச் செடிக்குப் போடலாம்.

எலி வருமா என்று பக்கத்து வீட்டு மைனி கேட்டாள். சாளை மீன் தலையைப் போட்டால் வராமல் இருக்குமா? அதைக் காலையில் வண்டிக்கே கொடுத்துவிட வேண்டும்.