சொந்தமாகக் கட்டிய காரை நேரப் போட்டிக்கு ஆயத்தப்படுத்துதல்

நேரப் போட்டியில் ஒரு சுற்றை எவ்வளவு குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறோம் என்பதே கணக்கு. நாகர்கோவில், குளச்சல் பக்கத்துப் பட்டறையில் குழாய்ச் சட்டம் வெல்டிங் செய்து கட்டிய ஸ்போர்ட்ஸ் காருக்கு உப்புக் காற்றே முதல் பகை. ஆகவே ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, விளக்கொளியில் மயிரிழை விரிசல் உண்டா என்று பார்த்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால், பெடல் பஞ்சுபோல் அமுங்கிவிடும். இரு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில், போட்டிக்கு முன் டாட் 4 என்ற தரத்திலான புதிய பிரேக் ஆயில் ஊற்றி, பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது வீண்செலவு ஆகாது. உரிமம், ஹெல்மெட், தீயணைப்பான் பற்றிப் போட்டி விதிகளைப் படித்துக்கொள்ளலாம்.

பதிவு பெறாத காரைச் சாலையில் ஓட்டக் கூடாது, சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு லாரியில்தான் கொண்டுசெல்ல வேண்டும். வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் பலத்த காற்றைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே லாரியில் காரின் நான்கு சக்கரங்களையும் பட்டையால் இறுக்கிக் கட்டுவது அவசியம்.

தடத்தில் முதல் சுற்று டயரைச் சூடாக்குவதற்கே. சூட்டில் காற்றழுத்தம் கூடுவதால், ஓடி வந்தவுடன் பிட்டில் (தடத்தோரம் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடத்தில்) நான்கு டயரின் அழுத்தத்தையும் அளந்து, அதற்கேற்பக் குளிர்ந்த நிலை அழுத்தத்தைத் தீர்மானிக்க வேண்டும். முன்னால் கார் தென்பட்டால் முந்த முயலாமல் இடைவெளி விட்டு, அடுத்த சுற்றில் வேகமெடுப்பதே நல்லது. நேரம் பதிந்தபின் பிரேக் சூடு தணிய ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, கைபிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்த வேண்டும்.