ஏர் ஃப்ரையர் வந்தால் ஓவனைத் தூக்கிவிடலாமா? காரைக்குடி அடுப்படியிலிருந்து ஒரு செய்முறை

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீட்டுக்கு ஏர் ஃப்ரையர் வந்தது. 4 லிட்டர், இழுப்பறை மாதிரி கூடை வைத்த வகை. விற்றவர், "எண்ணெயே இல்லாம எல்லாத்தையும் பொரிச்சுக்கலாம் ஆச்சி" என்றார். நம்பினேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே வெள்ளைப் பணியார மாவைக் கரண்டியில் எடுத்துக் கூடைக்குள் ஊற்றினேன். பாதி மாவு ஓட்டை வழியாக அடித்தட்டுக்கு இறங்கிவிட்டது. மீதி, வெயிலில் மறந்துபோன வடகம் போலக் கூடையோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்று பார்த்த ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்), "என்னாத்தா, பணியாரத்துக்கு எண்ணெய்ச் சட்டிய விட்டுட்டுப் பொட்டிய வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு வளவுப் பக்கம் போய்விட்டார்.

கூடையைத் தேய்த்துக் கழுவிய அரை மணி நேரத்தில்தான் விஷயம் புரிந்தது. இந்தப் பெட்டிக்குப் பெயர்தான் ஃப்ரையர். செய்கிற வேலை ஓவன் வேலை. எண்ணெய்ச் சட்டிக்குப் பதில் என்று வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். ஓவனுக்குப் பதில் என்று வாங்கினால், மூன்று நான்கு பேர் இருக்கிற வீட்டில் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள். அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது, எதில் தொடங்குவது என்பதைப் புதிதாக வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் மைக்ரோவேவையும் "ஓவன்" என்றே சொல்கிறோம். சாதாரண மைக்ரோவேவ் உணவில் இருக்கிற தண்ணீரைச் சூடாக்கும், மேல்பக்கம் சிவக்காது. நான் இங்கே ஓவன் என்று சொல்வது, மேலும் கீழும் கம்பிகள் சிவந்து எரியும் ஓ.டி.ஜி.யை. கேக், பிஸ்கட், பன் போடுவது அதில்தான். ஏர் ஃப்ரையரிலும் சூட்டுக் கம்பி இருக்கிறது, ஆனால் மேலே மட்டும். அதற்கு மேல் ஒரு விசிறி வேகமாகச் சுற்றிச் சூடான காற்றைக் கூடையைச் சுற்றி அடிக்கிறது. இடம் சின்னது, காற்று வேகமானது, அதனால் சீக்கிரம் வேகிறது. விசிறி வைத்த ஓவன் பல காலமாக இருக்கிறது. 2010-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதைச் சின்னதாக்கி 'ஏர்ஃப்ரையர்' என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் கிளப்பிய ஆசைதான் என் பணியாரம் வரைக்கும் வந்தது.

படி 1: பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். வீடு முகப்பு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று நீளமாக இருக்கும். அடுப்படி கடைசியில் இருக்கும். அங்கே வந்து சேருகிற வயர் தாத்தா காலத்தில் ஒரு பல்புக்காக இழுத்ததாக இருக்கும். ஏர் ஃப்ரையர் பெரும்பாலும் 1200 முதல் 1800 வாட் வரை இழுக்கும். 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6.5 ஆம்பியர். சின்ன 6 ஆம்பியர் பாயின்ட்டுக்கு இது தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட்டில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். பாயின்ட் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதற்கேற்ற கனத்தில் தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள்.

வைக்கிற இடம் கடப்பாக்கல் மேடை போல் சூடு தாங்குவதாக இருக்கட்டும். பின்பக்கம்தான் சூடான காற்று வெளியேறும் வழி. சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

படி 2: வெறுமனே ஓட விடுங்கள்

கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, 200 டிகிரியில் 10 நிமிடம் காலியாக ஓட்டுங்கள். பிளாஸ்டிக் வாடை வரும், பயப்பட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

படி 3: ஓவன் கணக்கை மாற்றுவது

ஓவனுக்கு எழுதிய குறிப்பை அப்படியே போட்டால் மேலே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: சூட்டை 20 டிகிரி குறை, நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறை. ஓவனில் 200 டிகிரி, 30 நிமிடம் என்று இருந்தால் இங்கே 180 டிகிரி, 24 நிமிடம். அதற்கும் நான்கைந்து நிமிடம் முன்னாலேயே ஒரு தடவை கூடையை இழுத்துப் பாருங்கள். ஓவனை அடிக்கடி திறந்தால் சூடு இறங்கிப்போகும். இதில் உடனே ஏறிவிடும்.

அடுத்தது, அடுக்குதல். ஒரே வரிசையாகப் பரப்ப வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்தால் காற்று போக வழியில்லாமல் பொருள் வறுபடாது, அவிந்துபோகும். 4 லிட்டர் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது கூடையின் கொள்ளளவு. வறுக்க உதவுவது அடிப்பரப்பு மட்டும்தான். ஏறக்குறைய அரைக் கிலோ கோழித் துண்டுகளைத்தான் என் கூடையில் ஒழுங்காகப் பரப்ப முடிகிறது.

படி 4: சேப்பங்கிழங்கில் தொடங்குங்கள்

முதல் சமையலுக்குக் கேக் வேண்டாம். சேப்பங்கிழங்கு வறுவல் செய்யுங்கள். தப்புச் செய்தாலும் சாப்பிடுகிற மாதிரி வரும்.

அரைக் கிலோ கிழங்கைக் குழையாமல் வேகவைத்துத் தோலுரித்து, வில்லைகளாக நறுக்குங்கள். ஆறவிடுங்கள், சூட்டோடு பிசறினால் கொழகொழவென்று ஒட்டும். மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், சோம்புத்தூள் அரை டீஸ்பூன், உப்பு, அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன், கடலெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். எல்லாவற்றையும் கையால் பிசறி வையுங்கள். எண்ணெயை முழுக்க விட்டுவிடாதீர்கள். எண்ணெய் இல்லாமல் மசாலா பச்சை வாடை அடிக்கும், கிழங்கும் தோல் போல வறண்டுபோகும்.

190 டிகிரியில் 3 நிமிடம் முன்சூடு. அப்புறம் கிழங்கைப் பரப்பி 16 நிமிடம். எட்டாவது நிமிடம் கூடையை வெளியே இழுத்து, சுளகில் புடைப்பது போல ஒரு குலுக்கு. ஓரம் முறுகி, நடு மெத்தென்று வரும். இதைச் சாப்பிட்டபோது ஆயா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதே முறையில் வாழைக்காய், கருணைக்கிழங்கு, உருளைக்கிழங்கு எல்லாம் வரும். உருளையை நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். மாவுச்சத்துள்ள பொருளை அதிகச் சூட்டில் கருக வறுத்தால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது. ஊறவைத்தால் அது குறையும். பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், கரும்பழுப்பு வேண்டாம்.

படி 5: கோலா உருண்டை

இதைச் சொல்லாமல் காரைக்குடிக்காரி கட்டுரை எழுத முடியாது. எண்ணெயில் கோலா உருண்டை பிரிந்துபோகும் என்ற பயத்தில்தானே அந்தக் காலத்தில் வாழைநாரைச் சுற்றிப் பொரித்தார்கள்? ஏர் ஃப்ரையரில் அந்தப் பயம் இல்லை. உருட்டி வைத்தது வைத்த இடத்தில் இருக்கும்.

கொத்துக்கறி கால் கிலோ. சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, சோம்பு, பட்டை, காய்ந்த மிளகாய், ஒரு கைப்பிடி தேங்காய். இவற்றை வதக்கி, ஆறவைத்து, கறியோடு தண்ணீர் விடாமல் அரையுங்கள். பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசைந்து எலுமிச்சை அளவில் உருட்டுங்கள். மேலே பிரஷ்ஷால் எண்ணெய் தடவி, 180 டிகிரியில் 12 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பி வையுங்கள். முதல் ஈட்டில் ஓர் உருண்டையைப் பிட்டு, நடுவில் பச்சைக் கறியின் சிவப்பு போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பரிமாறுங்கள். மேல்தோல் எண்ணெயில் பொரித்த அளவு மொறுமொறுப்பாக வராது. உள்ளே மிருதுவாக இருக்கும். எனக்கு இது பிடித்திருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

கறியில் கொழுப்பு அதிகமாக இருந்தால் அடித்தட்டில் சொட்டிப் புகையும். கூடைக்குக் கீழே இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் ஊற்றி வைத்தால் புகை அடங்கும். டப்பாவில் அழுத்தி அடிக்கும் சமையல் ஸ்பிரே வேண்டாம். அதில் எண்ணெயோடு வேறு பொருள்களும் சேர்ந்திருக்கும். கூடையின் நான்ஸ்டிக் பூச்சைக் கெடுத்துவிடும்.

படி 6: கேக். ஓவனா, ஏர் ஃப்ரையரா என்பது இங்கேதான் முடிவாகும்

வறுவலில் ஏர் ஃப்ரையர் ஜெயிப்பது பெரிய விஷயமில்லை. ஓவன் இருக்கிற வீட்டில் அது இருப்பதே கேக்குக்காகத்தான்.

6 அங்குல டின் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும் முன் கூடையின் உள் அளவை ஸ்கேலால் அளந்துவிட்டுப் போங்கள். டினைச் சுற்றிக் காற்றுப் போக ஒரு விரல் இடமாவது வேண்டும். தயிர் 160 மி.லி.யில் பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன் கலந்து 5 நிமிடம் வையுங்கள், நுரைத்து வரும். சர்க்கரை 100 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 80 மி.லி., வெனிலா சில சொட்டு சேர்த்துக் கலக்குங்கள். சலித்த மைதா 125 கிராமைச் சேர்த்து, கட்டி உடைகிற வரை மட்டும் கிளறுங்கள். டினில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவு இருக்கக் கூடாது.

ஓவனில் இதற்கு 180 டிகிரி. இங்கே 155, 160 போதும். 5 நிமிடம் முன்சூடு. கம்பி தலைக்கு மேலேயே இருப்பதால், மேல்தோல் 10 நிமிடத்தில் சிவந்து இறுகிவிடும். உள்ளே இருக்கிற மாவு பொங்க வழியில்லாமல் நடுவில் வெடிக்கும். என் முதல் கேக் வைகைப் படுகை மாதிரி பிளந்து கிடந்தது. அதனால் தொடக்கத்திலேயே டினை அலுமினியத் தாளால் மூடி, விளிம்பை இறுக்கி மடியுங்கள். லேசாக மூடினால் விசிறி அதைத் தூக்கிக் கம்பியில் போட்டுவிடும். 20 நிமிடம் கழித்துத் தாளை எடுத்துவிட்டு இன்னும் 10, 15 நிமிடம். குச்சி குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடுங்கள்.

கேக் நன்றாகவே வரும். ஓவன் கேக்கின் அடிப்பக்கம் சமமாகச் சிவந்திருக்கும், இதில் அடி கொஞ்சம் வெளுப்பு. அவ்வளவுதான். பிஸ்கட் வேறு கதை. ஒரு ஈட்டுக்கு ஆறேழுதான் கொள்ளும். 24 பிஸ்கட்டை ஓவனில் ஒரே தட்டில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். இதில் நான்கு ஈடு நிற்க வேண்டும். பெரிய ரொட்டி, 8 அங்குலக் கேக், அகலமான பீட்சா இதெல்லாம் கூடைக்குள்ளேயே போகாது.

படி 7: போடக் கூடாதவை

ஊற்றுகிற மாவு எதுவும் வேண்டாம். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், பஜ்ஜி எல்லாம் இதில் சேரும். காய்ந்த எண்ணெயில் மாவு விழுந்த கணமே சுற்றிலும் தோல் கட்டும். காற்று எண்ணெய் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது, தோல் கட்டுவதற்குள் மாவு வழிந்துவிடும். தேன்குழல், சீப்புச் சீயம் போட்டால் வழியாது, ஆனால் பல் உடைகிற மாதிரி காயும். வாயில் கரைகிற பதத்தைக் கொடுப்பது உள்ளே போகும் எண்ணெய்தான். அதிரசத்தை நான் சோதிக்கவே இல்லை. வெல்லப்பாகை வீணாக்க மனம் வரவில்லை.

கறிவேப்பிலை, தனி அப்பளம், வெறும் பட்டர் பேப்பர் எல்லாம் பறந்துபோய்க் கம்பியில் ஒட்டிக் கருகும். அப்பளத்தில் எண்ணெய் தடவி மேலே ஒரு எவர்சில்வர் வளையம் வைத்தால் பறக்காது. வேர்க்கடலை பிரமாதமாக வறுபடும்: 160 டிகிரி, 12 நிமிடம், இரண்டு குலுக்கு.

கரண்ட் கணக்கு

1500 வாட் ஏர் ஃப்ரையர் 25 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் 0.63 யூனிட். 1600 வாட் ஓ.டி.ஜி.க்கு முன்சூடு 10 நிமிடம், வேக 35 நிமிடம் என்று வைத்தால் அதிகபட்சம் 1.2 யூனிட். இரண்டிலும் சூடு ஏறியதும் கரண்ட் தானாக விட்டுவிட்டு ஓடும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஒரு ஈட்டுச் சமையலுக்கு ஏர் ஃப்ரையர் லாபம்தான். நான்கு ஈடு போட்டால் அந்த லாபம் போய்விடும். சித்திரை வெயிலில் அடுப்படி சூடாகாமல் இருப்பதைக் கணக்கில் சேர்த்தால், என் ஓட்டு ஏர் ஃப்ரையருக்கே.

அப்போ ஓ.டி.ஜி.யை விற்றுவிடலாமா?

இரண்டு மாதம் பொறுங்கள். நாட்காட்டித் தாளில், ஏர் ஃப்ரையரில் முடியாமல் ஓவனைத் தேடிய நாளை மட்டும் வட்டம் போடுங்கள். வாரா வாரம் வட்டம் விழுந்தால் உங்கள் வீட்டுக்கு ஓவன் வேண்டும். இன்னும் எதுவும் வாங்கவில்லை, கேக் கூட எப்போதோ ஒரு தடவைதான் என்றால், ஏர் ஃப்ரையர் மட்டும் வாங்குங்கள். ஆர்டர் எடுத்துக் கேக் செய்து விற்கிற எண்ணம் இருந்தால் நேராக ஓவனுக்குப் போங்கள்.

என் தாளில் இரண்டு வட்டம்தான் விழுந்தது, இரண்டும் பிறந்தநாள் கேக். விற்கலாம் என்று ஓ.டி.ஜி.யைத் துடைத்து வைத்தேன். அதற்குள் ஆயா அதைப் பார்த்துவிட்டார். கதவு இறுக்கமாகச் சாத்துகிறதாம், எறும்பு ஏறாதாம். இப்போது அதற்குள் அவர் சுட்ட தேன்குழல் ஒரு சம்படம், மாவுருண்டை ஒரு சம்படம் இருக்கிறது.