ராமநாதபுரம் கடலோரத்து ஹோட்டல்களில் டிப்ஸ்: எவ்வளவு, யார் கையில், எப்போது

பில் தட்டில் சோம்புக்கு அடியில் இருபது ரூபாயைச் செருகிவிட்டு எழுந்து போகிறோம். அது பரிமாறியவர் கைக்குப் போகலாம், மேஜை துடைப்பவர் கைக்குப் போகலாம், கல்லாவுக்கும் போகலாம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், ஏர்வாடி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை நெடுகச் சாப்பிடும் இடங்கள் ஒன்றுபோல ஒன்று இல்லை. கோயில் பக்கத்து டிபன் கடையில் சரியாக இருப்பது தனுஷ்கோடி மீன் கொட்டகையில் சரிவராது. எவ்வளவு கொடுப்பது என்று யோசிக்கும் முன் காசு எந்த வழியில் போகும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

சப்ளையருக்கு அது என்ன காசு

சிறிய, நடுத்தர ஹோட்டல்களில் சப்ளையருக்குப் பெரும்பாலும் நாள் சம்பளம். சாப்பாடும், மாடியிலோ பின்கட்டிலோ படுக்க இடமும் கடையோடது. வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. பலரும் வெளியூர்க்காரர்கள், வடமாநிலத்து ஆட்களும் நிறைய இருக்கிறார்கள். தங்கச்சி கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் சம்பளத்தில் ஒரு பங்கு அதில் கழியும். மிச்சம் ஊருக்குப் போகும். அன்றாடம் கையில் புழங்குவது டிப்ஸ்தான்: டீ, ரீசார்ஜ், சோப்பு, கால்வலி மாத்திரை, ஊருக்குப் போக பஸ் காசு.

ஹோட்டல் வேலைக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கிறது. அதைக் கொடுப்பது முதலாளி பொறுப்பு. வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமும் 2016-ல் ஒரு வருமான வரி வழக்கில் சொல்லியிருக்கிறது. 'அதான் டிப்ஸ் வருதே' என்று சம்பளத்தை இழுத்துப் பிடிக்கும் கடைகளும் இருக்கத்தான் செய்கின்றன. அந்தக் கோபத்தில் டிப்ஸை நிறுத்தினால் நஷ்டம் சப்ளையருக்குத்தான்.

ராமேஸ்வரத்தில் அவர்களுடைய வேலை நேரத்தைக் கோயில்தான் முடிவு செய்கிறது. ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலை 5 மணிக்கு. அதற்கு முன்பே டீ, காபி கேட்டு ஆள் வந்துவிடும். அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டு முடித்த கூட்டம் ஒரே நேரத்தில் பொங்கலுக்கும் பூரிக்கும் உட்காரும். பிறகு மதியச் சாப்பாடு, ராத்திரி டிபன். ஆடி, தை, மகாளய அமாவாசைகளிலும் ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியிலும் நிற்க நேரம் இருக்காது. ஐப்பசி மழையில் பாம்பனில் புயல் கூண்டு ஏறிவிட்டால் கடை காலி, டிப்ஸும் காலி. கூட்ட நாளில் வருவதை வைத்துத்தான் மழை நாளை ஓட்ட வேண்டும்.

கிளம்பும்போதே சில்லறை

ஒரு குடும்பம் ஒரு நாள் சுற்றுவதற்குப் பத்து ரூபாய் நோட்டு பத்தும் இருபது ரூபாய் நோட்டு ஐந்தும் போதும். மொத்தம் 200 ரூபாய். தனியாக ஒரு பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸைத் திறந்து ஐநூறுகளைப் புரட்டிப் பத்து ரூபாய் தேடுவது இரு பக்கமும் சங்கடம். காலை டிபனுக்குப் பணம் கட்டும்போதே கல்லாவில், "மிச்சத்தை இருபது இருபதா குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிவிடலாம். தனுஷ்கோடி போகிறவர்கள் ராமேஸ்வரம் டவுனிலேயே மாற்றிக்கொள்வது அவசியம். அங்கே சாலை முடியும் அரிச்சல்முனைப் பக்கம் போன் சிக்னலை நம்ப முடியாது.

பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லிவிட்டது. ஆனாலும் வாங்கத் தயங்கும் கடைகள் இன்னும் உண்டு. பக்கத்து டீக்கடையில் செலவழிக்க முடியாத காசைக் கொடுத்துப் பயனில்லை, நோட்டாகவே கொடுங்கள். டேப் ஒட்டிய நோட்டைத் தள்ளிவிட டிப்ஸ் ஒரு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். அதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்.

பில்லை ஒருமுறை பாருங்கள்

சாதாரண ஹோட்டல் பில்லில் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5, ஆக மொத்தம் 5 சதவீதம் இருக்கும். இது வரி. பரிமாறியவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது. 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அது வேறு சங்கதி. ஹோட்டல்கள் தானாக சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மெஸ், டிபன் கடைகளில் இந்தப் பிரச்சினை வராது. கடலோர ரிசார்ட்டுகளில் சாப்பிட்டால் பாருங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதைக் கேட்க வேண்டியது மேனேஜரிடம். பில் அடிப்பது சப்ளையர் இல்லை. எடுத்த தொகையில் ஒரு பங்கை அவர் கையில் கொடுத்துவிட்டால் அவரும் முகம் கோண மாட்டார்.

எவ்வளவு

இந்தப் பக்கத்துக்கு இது போதும். இரண்டு பேர் டிபன் சாப்பிட்டு பில் 150, 200 வந்தால் பத்து ரூபாய். இலைச் சாப்பாட்டுக்குத் தலைக்குப் பத்து. நான்கு பேர் பிரியாணி, மீன் வறுவல் என்று உட்கார்ந்து சாப்பாட்டுத் தொகை மட்டும் 1,200 வந்தால் அறுபதிலிருந்து நூறு. ஏசி ஹாலிலும் ரிசார்ட்டிலும் வரிக்கு முந்தைய தொகையில் 5 முதல் 10 சதவீதம். அறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் ஒரு நடைக்கு இருபது, மாடிப்படி ஏறி வந்தால் முப்பது. நின்று குடிக்கும் டீக்கடையிலும் டோக்கன் வாங்கி நாமே எடுத்துக்கொள்ளும் செல்ஃப் சர்வீஸிலும் தேவையில்லை. பார்சலுக்கும் வழக்கமில்லை. ஆனால் பத்துப் பதினைந்து பொட்டலத்தை ரயில் நேரத்துக்குள் சாம்பார் சிந்தாமல் கட்டிக் கொடுத்தவருக்கு இருபது கொடுப்பது நியாயம். கோயில் அன்னதானத்தில் பரிமாறுபவரிடம் காசு நீட்டாதீர்கள், உண்டியல் இருக்கிறது.

கை மாற்றும் விதம்

தவறு நடப்பதெல்லாம் இங்கேதான். இலைச் சாப்பாட்டில் சாதம் ஒருவர், கூட்டு பொரியல் ஒருவர், குழம்பு வாளி இன்னொருவர் என்று வருவார்கள். சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கிறோம். டம்ளருக்கு அடியில் நோட்டை வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறோம். அதற்குள் கிளீனிங் ஆள் வருவார், மேஜையில் இருப்பதை ஒரே இழுப்பில் வாளிக்குள் தள்ளுவார். நோட்டைப் பார்த்தால் எடுப்பார், ஈர மேஜையில் ஒட்டியிருந்தால் ரசத்தோடு போய்விடும். பார்த்து எடுத்தாலும் அது சப்ளையருக்கு வைத்ததா தனக்கு வைத்ததா என்று அவருக்குத் தெரியாது. பல சண்டைகள் இந்த இருபது ரூபாயில்தான் ஆரம்பிக்கும்.

ஆகவே கை கழுவி, துடைத்துவிட்டு, ஆர்டர் எடுத்தவரைத் தேடி வலது கையால் நேரே கொடுங்கள். அடுத்த மேஜைக்குத் தட்டு தூக்கிக்கொண்டு போகும்போது மறிக்காதீர்கள், தட்டை இறக்கியபின் கொடுங்கள். கல்லாவுக்கு நேர் எதிரே நின்று கொடுப்பதையும் தவிர்ப்பது நல்லது. சில இடங்களில் முதலாளி பார்வை பட்டால் வாங்கவே கூசுவார்கள். "அண்ணே, வச்சுக்குங்க" போதும், பிரசங்கம் வேண்டாம். நம்மைவிட வயதில் பெரியவரை 'டேய்', 'ஏய்' என்று கூப்பிட்டுவிட்டு நூறு ரூபாய் கொடுத்தாலும் அது ஒட்டாது.

மூன்று பேர் மாறி மாறிப் பரிமாறியிருந்தால், "பிரிச்சுக்குவீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு ஒருவரிடம் கொடுங்கள். மேஜை துடைப்பவருக்கு மட்டும் தனியாகப் பத்து ரூபாய். சப்ளையரைவிடச் சம்பளம் குறைந்தவர் அவர், டிப்ஸும் அவர் வரை வந்து சேருவது அபூர்வம். பரோட்டா மாஸ்டர் அடுப்படியிலேயே நிற்பவர். பரோட்டா நன்றாக இருந்தால் கல்லுக்குப் பக்கத்தில் போய் ஒரு வார்த்தை சொல்லி இருபது ரூபாய் நீட்டலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்லாவில் டிப்ஸ் டப்பா வைத்திருந்தால், எப்படிப் பிரிப்பார்கள் என்று சப்ளையரிடம் கேளுங்கள், கேஷியரிடம் அல்ல. "ராத்திரி எல்லாருக்கும் பிரிப்பாங்க" என்று சட்டென்று பதில் வந்தால் டப்பாவிலேயே போடலாம். இழுத்தால் கையில் கொடுங்கள்.

ஜிபே, போன்பே வந்தபிறகு சப்ளையர்களுக்கு விழுந்த அடி பெரிது. கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் முதலாளி கணக்குக்குப் போவது. பில் 460 என்றால் 500 அனுப்பிவிட்டு 'மிச்சம் அவருக்கு' என்றால் அந்த நாற்பது அன்றைய வியாபாரத்தோடு கலந்துவிடும். கேஷியர் நல்லவராக இருந்து, ஞாபகமும் வைத்திருந்தால்தான் கைக்கு வரும். பில்லுக்கு 460 மட்டும் அனுப்புங்கள், டிப்ஸை நோட்டாகக் கொடுங்கள். நோட்டே இல்லையென்றால், "நாப்பது சேத்து அனுப்புறேன், அவருக்கு இப்பவே ரொக்கமாக் குடுத்துருங்க" என்று கேஷியரிடம் சொல்லி, கை மாறும்வரை நில்லுங்கள். சப்ளையருடைய சொந்த நம்பருக்கு அனுப்புவது இன்னொரு வழி. ஆனால் சில கடைகளில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், வற்புறுத்த வேண்டாம்.

பஸ் கும்பல்

நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் வந்து சாப்பிட்டால், அழைத்து வந்த டிரைவருக்கும் கைடுக்கும் கடையே சாப்பாடு போடுவது வழக்கம். சப்ளையருக்கு வேலை மட்டும்தான் கூடும். பணம் கட்டுவது ஒரே ஆள் என்பதால், நாற்பது பேரும் 'அவர் கொடுத்திருப்பார்' என்று கிளம்பிவிடுவார்கள். பஸ்ஸிலேயே தலைக்குப் பத்து ரூபாய் வசூலித்துவிடுங்கள். கிடைக்கும் 400-ஐ நான்கு சப்ளையருக்கு 80 வீதமும் இரண்டு கிளீனிங் ஆட்களுக்கு 40 வீதமும் பிரித்தால் கணக்கு முடிந்தது. பந்தி தொடங்கும் முன்பே மூத்த சப்ளையரிடம் "எல்லாருக்கும் சேத்து இருக்கு" என்று சொல்லிவிட்டால் நாற்பதாவது இலைக்கும் அப்பளம் வரும்.

கடற்கரைக் கொட்டகைகள்

தனுஷ்கோடி, பாம்பன் ஓரத்து மீன் கொட்டகைகளில் பரிமாறுபவரும் முதலாளியும் பெரும்பாலும் ஒரே குடும்பம். அம்மா வறுப்பார், பையன் தட்டு கொண்டுவருவான். டிப்ஸ் தேவையில்லை. மீனைக் காட்டச் சொல்லி, விலையைப் பொரிப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள். பொரித்தபின் பேரம் வேண்டாம். கொடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் கையில் கொடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மேஜையில் வைத்த நோட்டு கடலைப் பார்த்துப் போய்விடும்.

விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நாட்டுப்படகு மீன்தான் கரைக்கு வரும், விலை ஏறும். பள்ளி விடுமுறைக் கூட்டமும் அதே சமயத்தில்தான் வருகிறது. "வஞ்சிரம் ஒரு துண்டு இவ்வளவா?" என்று எல்லோரும் எரிந்து விழுவது தட்டு கொண்டுவந்தவர் மேல். விலை வைத்தது அவர் இல்லை. மீன் விலைக்காக டிப்ஸைக் குறைப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். ஆர்டர் மாறி வந்தால், கேட்டும் தண்ணீர் வராவிட்டால், மரியாதையில்லாமல் பேசினால் தாராளமாகக் குறையுங்கள். உப்புக் கூடினது, தாமதமானது எல்லாம் அடுப்படிக் கணக்கு.

வழக்கமாகச் சாப்பிடும் கடை

மாசக் கணக்கில் மெஸ்ஸில் சாப்பிடுபவர்கள் வேளைக்கு வேளை கொடுக்க வேண்டாம். கணக்கு முடிக்கும் நாளில் பரிமாறுபவருக்கு நூறு, துடைப்பவருக்கு ஐம்பது. தீபாவளி, பொங்கலுக்குக் கொஞ்சம் கூட்டி, பண்டிகைக்கு நான்கைந்து நாள் முன்பே கொடுத்தால்தான் ஊருக்குக் கிளம்பும்போது உதவும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் நோன்பு மாதத்தில் பல ஹோட்டல்கள் பகலில் மூடியிருக்கும். வேலை இரவுக்கும், விடியும் முன் சாப்பிடும் ஸஹர் நேரத்துக்கும் மாறிவிடும், நோன்போடு நின்று பரிமாறுபவர்களும் உண்டு. அங்கே வழக்கமாகச் சாப்பிடுபவர்கள் பெருநாள் காசைக் கடைசி நோன்புகளிலேயே கொடுத்துவிடுவது நல்லது. பெருநாள் அன்று கடையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார்.

சில கடைகளில் டிப்ஸ் வாங்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. வாங்கிப் பிடிபட்டால் வேலைக்கே ஆபத்து, பாக்கெட்டில் திணிக்காதீர்கள். அங்கே அவர் பெயரைக் கேட்டுக் கல்லாவில் நல்லபடியாகச் சொல்லுங்கள், அல்லது கூகுள் ரிவ்யூவில் பெயரோடு எழுதுங்கள். 'கேட்காமலே ஒரு துண்டு மீன் கூட வைத்தார்' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். முதலாளி அதைப் படித்தால் அந்தத் துண்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது அவர்தான்.