'ஐ ஆம் நோயிங்' ஏன் தப்பு? தமிழை வைத்தே கன்டினியுவஸ் டென்ஸ் பழகுவோம்

என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்கும் ஒருவர், தன் மேலாளருக்கு அனுப்புவதற்காக எழுதிய வாட்ஸ்அப் செய்தியை என்னிடம் காட்டினார். 'சார், ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்.' சொல்ல வந்தது நன்றாகவே புரிகிறது. ஆனால் கன்டினியுவஸ் டென்ஸில், அதாவது ஒரு வேலை நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிற 'இங்' வடிவத்தில், நம் ஆட்கள் அதிகம் வழுக்குகிற இரண்டு இடங்களும் இந்த ஒரே வரியில் இருக்கின்றன. கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் நிறைய பேர். வாயைத் திறந்து பேசும்போது அது உதவிக்கு வருவதில்லை. உதவிக்கு வருவது தமிழ்தான். எங்கே அது கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: 'இரு'வைப் பிடியுங்கள்

'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். வந்துகொண்டு, இருக்கிறேன். ஆங்கிலத்திலும் இதே இரண்டு துண்டுகள்தான். 'கமிங்' என்றால் வந்துகொண்டு, 'ஆம்' என்றால் இருக்கிறேன். வரிசை மட்டும் தலைகீழ்: 'ஐ ஆம் கமிங்.'

இப்போது காலத்தை மாற்றுங்கள். வந்துகொண்டிருந்தேன், வந்துகொண்டிருப்பேன். 'வந்துகொண்டு' அசையவே இல்லை, மாறுவது 'இரு' மட்டும்தான். ஆங்கிலமும் அப்படியே: 'ஐ வாஸ் கமிங்', 'ஐ வில் பி கமிங்'. 'இங்' போட்ட சொல்லில் கைவைக்கவே வேண்டாம்.

அந்த 'இரு' ஆளுக்கு ஏற்ப மாறும். 'ஐ'க்கு 'ஆம்'. 'ஹி', 'ஷி', 'இட்' மூன்றுக்கும் 'இஸ்'. 'வி', 'யூ', 'தே'க்கு 'ஆர்'. நடந்து முடிந்த காலத்தில் 'ஐ', 'ஹி', 'ஷி', 'இட்' நான்குக்கும் 'வாஸ்', மற்றவற்றுக்கு 'வேர்'. எதிர்காலத்தில் எல்லாருக்கும் 'வில் பி'.

அவசரத்தில் 'பஸ் கமிங்' என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் 'பஸ் வந்துகொண்டு' என்று நிறுத்தினால் எவ்வளவு அரைகுறையாக இருக்குமோ, ஆங்கிலக் காதுக்கு அதுவும் அப்படித்தான். 'தி பஸ் இஸ் கமிங்' என்று முடியுங்கள்.

கேள்வி கேட்கும்போது இந்த 'இரு' ஆளுக்கு முன்னால் போய்விடும்: 'வொய் ஆர் யூ க்ரையிங்?' தமிழில் கேள்விக்காக வரிசை மாறுவதில்லை. அதனால்தான் நமக்கு 'வொய் யூ ஆர் க்ரையிங்?' என்று வந்துவிடுகிறது.

படி 2: '-கிறேன்' பார்க்கிற இரண்டு வேலைகள்

தமிழ் காலை வாருகிற முதல் இடம் இது. போனில் 'என்ன பண்றே?' என்று கேட்டால் 'சாப்பிடறேன்' என்கிறோம். டாக்டர் 'காலையில என்ன சாப்பிடறீங்க?' என்று கேட்டாலும் 'இட்லி சாப்பிடறேன்' என்கிறோம். நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்துக்கு இரண்டு வேறு விஷயம். போனில் சொன்னது 'ஐ ஆம் ஈட்டிங்'. டாக்டரிடம் சொன்னது 'ஐ ஈட் இட்லி'.

எது என்று குழம்பினால் வாக்கியத்துக்குள் 'இந்த நிமிடம்' என்று போட்டுப் பாருங்கள், பிறகு 'வழக்கமாக' என்று போட்டுப் பாருங்கள். முதலாவது பொருந்தினால் 'இங்' வரும். இரண்டாவது பொருந்தினால் வராது. 'ஐ ஆம் கோயிங் டு ஆபீஸ் அட் நைன் எவ்ரிடே' என்பது வழக்கத்தைச் சொல்கிறது, ஆகவே 'ஐ கோ' போதும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. மதுரையிலேயே வீடு வாசல் என்று இருப்பவர் 'ஐ லிவ் இன் மதுரை' என்பார். அவரே 3 மாதப் பயிற்சிக்காகக் கோவையில் தங்கியிருந்தால், 'ஐ ஆம் லிவிங் இன் கோயம்புத்தூர்'. கொஞ்ச நாளைக்குத்தான் என்பதை அந்த 'இங்' சொல்லிவிடுகிறது.

நாளைய ஏற்பாட்டில் இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன. டிக்கெட் எடுத்தாயிற்று, 'நாளைக்கு ஊருக்குப் போறேன்' என்கிறோம். ஆங்கிலத்திலும் 'ஐ ஆம் கோயிங் ஹோம் டுமாரோ'. ஆனால் கிளம்பும்போது சொல்கிற 'வரேன்' மட்டும் வேறு. அதை 'ஐ ஆம் கமிங்' என்று சொன்னால், எங்கேயோ இருந்து நீங்கள் வந்துகொண்டிருப்பதாகத்தான் புரியும். அங்கே 'ஐ ஆம் லீவிங்' என்பதுதான் சரி.

படி 3: 'எனக்கு' சோதனை

இது எனக்கு ரொம்பப் பிடித்த படி. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்', 'ஐ ஆம் வான்டிங்' எல்லாம் தப்பு என்று இலக்கணப் புத்தகம் நீளமான பட்டியல் தரும். பட்டியலை விடுங்கள். தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? எனக்குத் தெரியும், எனக்குப் புரியவில்லை, எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இரண்டு அண்ணன்கள். எதிலும் 'நான்' இல்லை, எல்லாமே 'எனக்கு'. இவை நாம் செய்கிற வேலைகள் இல்லை, நம்மிடம் இருக்கிற நிலைகள். 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று நாமே சொல்வதில்லையே!

அதனால் தமிழில் 'எனக்கு' வந்தால் ஆங்கிலத்தில் 'இங்' போடாதீர்கள். 'ஐ நோ', 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்', 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'.

ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு பொருளில் வரும்போதும் இந்தச் சோதனை வழிகாட்டும். 'எனக்கு அவன் நல்லவன் என்று தோன்றுகிறது' என்றால் 'ஐ திங்க்'. 'நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்றால் 'ஐ ஆம் திங்கிங்'. 'எனக்கு ஒரு சந்தேகம்' என்றால் 'ஐ ஹேவ் எ டவுட்'. 'நான் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறேன்' என்றால் 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்'.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது. 'நம்புகிறேன்' என்பதில் 'எனக்கு' இல்லை, இருந்தும் 'ஐ பிலீவ்'தான். மெக்டொனால்ட்ஸ் 2003 முதல் 'ஐ ஆம் லவிங் இட்' என்று விளம்பரம் செய்கிறதே என்று வகுப்பில் கேட்பார்கள். 'இதோ, இந்த நொடி ரசிக்கிறேன்' என்ற துள்ளலுக்காக விளம்பரத்திலும் பேச்சிலும் அப்படி வரும். நேர்முகத் தேர்வில் 'ஐ லவ்' என்றே சொல்லுங்கள்.

படி 4: நடுவில் ஒன்று குறுக்கிட்டால்

'குளித்துக்கொண்டிருந்தேன், கரண்ட் போய்விட்டது.' நீளமாக ஓடிக்கொண்டிருந்ததற்கு 'வாஸ்' சேர்த்த 'இங்', குறுக்கே வந்ததற்குச் சாதாரண இறந்தகாலம்: 'ஐ வாஸ் டேக்கிங் எ பாத் வென் தி பவர் வென்ட் ஆஃப்.' குறுக்கீடு எதுவும் இல்லாத பழைய வழக்கத்துக்கு இது வேண்டாம். சின்ன வயதில் பஸ்ஸில் பள்ளிக்குப் போனதைச் சொல்ல 'ஐ யூஸ்ட் டு கோ' இருக்கிறது.

படி 5: '-ஆக', '-இலிருந்து'

'நேற்றிலிருந்து மழை பெய்கிறது.' தமிழில் 'பெய்கிறது' என்று நிகழ்காலமே போதும். அதை அப்படியே பெயர்த்தால் 'இட் இஸ் ரெய்னிங் சின்ஸ் எஸ்டர்டே' வரும், அது தப்பு. முன்பே தொடங்கி இன்னும் நிற்காததற்கு ஆங்கிலம் தனி வடிவம் வைத்திருக்கிறது: 'இட் ஹாஸ் பீன் ரெய்னிங் சின்ஸ் எஸ்டர்டே.' 'ஐ', 'வி', 'யூ', 'தே'க்கு 'ஹேவ் பீன்'. 'ஹி', 'ஷி', 'இட்'டுக்கு 'ஹாஸ் பீன்'.

'சின்ஸ்' போடுவதா 'ஃபார்' போடுவதா? அதையும் தமிழ் சொல்லிவிடும். '2019இலிருந்து' என்று தொடக்கத்தைச் சொன்னால் 'சின்ஸ் 2019'. 'ஐந்து வருஷமாக' என்று அளவைச் சொன்னால் 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.'

சரி, அந்த வாட்ஸ்அப் வரிக்கு வருவோம். 'எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல்.' 'எனக்கு' இருக்கிறது, ஆகவே 'ஹேவிங்' போகட்டும். 'நாளாக' என்று அளவு இருக்கிறது, ஆகவே 'சின்ஸ்' போய் 'ஃபார்' வரட்டும். காய்ச்சல் இன்னும் விடவில்லை, ஆனால் 'இங்' போட முடியாது. அதனால் 'ஹேவ் பீன்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஹேவ் ஹேட்': 'சார், ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்.'

படி 6: சமையலறையில் ஐந்து நிமிடம்

இன்று மாலை சமையலறை வாசலில் நின்று, கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'தி ரைஸ் இஸ் குக்கிங். அம்மா இஸ் சாப்பிங் ஆனியன்ஸ். ஐ ஆம் வாட்சிங் தி மில்க்.' மறுநாள் காலையில் அதையே 'வாஸ்' போட்டு யாரிடமாவது சொல்லுங்கள். நடுவில் ஏதாவது நடந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'அம்மா வாஸ் சாப்பிங் ஆனியன்ஸ் வென் தி மில்க் பாய்ல்ட் ஓவர்.'