ஜீப் எஞ்சினில் மரை போனால்

மரை போன துளையை அடுத்த அளவுக்குப் பெரிதாக்கி, தடித்த போல்ட் ஒன்றைத் திருகி வண்டியை அனுப்பிவிடும் வேலையை எங்கள் பட்டறையில் நான் அனுமதிப்பதில்லை. பொள்ளாச்சியில் இருக்கிறோம். எங்களிடம் வரும் பழைய ஃபோர் வீல் ஜீப்புகளில் பல ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுகிறவை. 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் இருட்டிய பிறகு வண்டி நின்றால், ஓட்டுநர் கையில் இருப்பது ஒரு சிறிய ஸ்பேனர் பை மட்டும்தான். தெர்மோஸ்டாட் மூடியின் ஒரு போல்ட்டுக்கு 13-ஆம் எண் ஸ்பேனர், பக்கத்துப் போல்ட்டுக்கு 17 என்றிருந்தால் அவர் என்ன செய்வார்? அதைவிடப் பெரிய கேடு, துளையைச் சுற்றியுள்ள உலோகம் மெலிந்துபோவது. ஒழுகாமல் இருக்க மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் உட்காரும் இடமும் குறுகிவிடும். கம்பெனி கொடுத்த அளவுக்கே துளையைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் அது பழுதுபார்த்ததாகும்.

முதலில் எந்த மரை என்று கண்டுபிடியுங்கள். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழி வந்த பழைய பெட்ரோல் எஞ்சின்களில் அங்குல மரை. மஹிந்திராவின் எம்எம் 540 போன்ற ஜீப்புகளில் வந்த பியூஜோ டீசல் எஞ்சின்களில் மில்லிமீட்டர் மரை. எஞ்சின் மாற்றிப் பூட்டிய ஜீப்புகளில் இரண்டும் கலந்திருக்கும். வம்பு இங்கேதான் தொடங்குகிறது. 5/16 அங்குலப் போல்ட்டின் தடிமன் 7.94 மி.மீ. பார்வைக்கு அது 8 மி.மீ. போல்ட்டேதான். அதன் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. என்பதால் 13-ஆம் எண் ஸ்பேனரும் கொஞ்சம் லூசாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் 5/16 முரட்டு மரையில் ஓர் அங்குலத்துக்கு 18 மரை, 8 மி.மீ. போல்ட்டின் 1.25 மி.மீ. இடைவெளி மரையில் 20-க்குச் சற்று அதிகம். ஒன்றின் துளையில் மற்றதை விட்டால் இரண்டு மூன்று சுற்று கையாலேயே போகும், பிறகு இறுகும். இறுகியதும் ஸ்பேனரில் குழாயை மாட்டி இழுக்கிறார்கள். மரை அங்கேயே உரிந்துவிடுகிறது. மரை அளக்கும் கேஜ் விலை அதிகமில்லை. அது இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

அடுத்து, உலோகம் எது என்று பாருங்கள். ஒரு காந்தத்தை வைத்தால் போதும்: ஒட்டினால் வார்ப்பிரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். அலுமினியத்தில் இரும்புப் போல்ட் பல ஆண்டுகள் இருந்து, நடுவே நீரும் கசிந்தால் வெள்ளைப் பொடி பூத்து மரையை அரித்துவிடும். நம் பக்கத்தில் இது அதிகம். தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிற பழக்கம் எத்தனையோ நல்ல எஞ்சின்களைத் தின்றிருக்கிறது. சிறுவாணித் தண்ணீரே கிடைத்தாலும் அதை நீங்கள் குடியுங்கள்; ரேடியேட்டருக்கு, காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ட்டை ஊற்றுங்கள்.

மேல் மரை இரண்டு மட்டும் நசுங்கி, உள்ளே நன்றாக இருந்தால் வெட்ட வேண்டியதில்லை. அதே அளவில் நல்ல போல்ட் ஒன்றை எடுத்து, மரையின் குறுக்கே நீளவாக்கில் மூன்று காடிகளை ஹேக்சா பிளேடால் அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் தொட்டு மெதுவாகத் திருகினால் அது மரையைச் சீர்செய்யும். அழுக்கு காடிகளில் சேரும். மரை வெட்டும் கருவியான டேப்பைப் போட்டால் எஞ்சியிருக்கும் நல்ல உலோகத்தையும் சீவிவிடும்.

முழுதாக உரிந்துவிட்டால் ஹெலிகாயில்தான். ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுருளாகச் சுற்றிய உள்மரை அது. 8 மி.மீ., 1.25 மரைக்குப் பெரும்பாலும் 8.3 மி.மீ. டிரில் பிட் தேவை, உங்கள் ஹெலிகாயில் கிட்டில் எழுதியுள்ள அளவே உங்களுக்குச் சட்டம். கிட்டோடு வரும் டேப்பும் தனி ரகம். சாதாரண 8 மி.மீ. டேப்பை இதற்குப் பயன்படுத்த முடியாது. சுருளின் நீளம் போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 12 மி.மீ. இருக்கட்டும். துளையில் ஆழம் இருந்தால் அலுமினியத்துக்கு இரண்டு மடங்கு இன்னும் நல்லது.

இந்த வேலையில் எல்லாம் டிரில் நேராக இறங்குவதில்தான் இருக்கிறது. கை டிரில்லைக் கண் மட்டத்தில் பிடித்து நேராக விட்டுவிடலாம் என்று நம்பாதீர்கள். துளை சாய்ந்தால் போல்ட்டும் சாயும். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஒழுகும். எங்கள் வழி இது: 20 மி.மீ. தடித்த இரும்புத் துண்டு ஒன்றில், லேத்தில் கொடுத்து, முகத்துக்குச் செங்குத்தாக 8.3 துளை ஒன்று போட்டு வாங்குகிறோம். பக்கத்துப் போல்ட் துளைக்கு நேராக அதிலேயே இன்னொரு துளையும் இருக்கும். அதன் வழியாகத் துண்டை எஞ்சின் மேலேயே போல்ட்டால் பூட்டிவிட்டால் பிட் எங்கும் நழுவ முடியாது. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பம்ப் உறைகளைக் கடைந்தே கை பழகிய டர்னர்கள் இருக்கிறார்கள். பழைய மூடியைக் கொண்டுபோய்க் காட்டினால் துளை இடைவெளியை அவர்களே அளந்து செய்து கொடுப்பார்கள். அந்தத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள்; அதே வகை எஞ்சினுக்கு மறுபடி உதவும்.

பழைய துளையின் ஆழத்தை அளந்து, பிட்டில் ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வையுங்கள். அதற்குக் கீழே தண்ணீர் ஓடும் அறையோ எண்ணெய் வழியோ இருக்கலாம். திறந்திருக்கும் மற்ற துளைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு வெட்டுங்கள். வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம். எண்ணெய் விட்டால் தூள் குழம்பாகி டேப்பை இறுக்கும். டேப்பின் காடிகளில் கிரீஸ் தடவினால் தூள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கனத்தால் நிறுத்துங்கள், வெளியே எடுங்கள், துடையுங்கள். அவசரப்பட்டு டேப் உள்ளே உடைந்தால் அதைத் துளைக்கச் சாதாரண பிட்டால் முடியாது. மின்பொறியால் அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு எஞ்சின் ஹெட்டைச் சுமக்க வேண்டிவரும்.

காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது கண்ணாடி அணியுங்கள். பிறகு சுருளைக் கருவியில் மாட்டி, கீழ்நோக்கி அழுத்தாமல் சும்மா திருகுங்கள். அழுத்தினால் சுருள் ஒரு மரை தாண்டிக் குதித்துவிடும். மேல் முனை, முகத்துக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று வரை இறங்கியதும் நிறுத்துங்கள். அடியில் குறுக்கே நிற்கும் சிறு நாக்கைப் பஞ்ச் வைத்து ஒரே தட்டில் உடைத்து, வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தை நம்ப வேண்டாம். கம்பி நுனியில் கிரீஸ் தடவி எடுங்கள். அந்தத் துணுக்கைக் கண்ணால் பார்க்கும்வரை எஞ்சினை மூடாதீர்கள்.

ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்து உள்ளே நிற்கிறதென்றால், வெளியே கொஞ்சம் தெரிகிற வரைக்கும் நல்ல காலம். அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்ளே வெல்டிங் செய்யுங்கள். வெல்டிங் சூட்டிலேயே பிடி தளரும். சிவப்பு மறைந்ததும் ஸ்பேனரால் முன்னும் பின்னும் அசைத்துக் கழற்றுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த்தை எஞ்சினிலேயே, வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் கொடுங்கள். முறிந்த ஸ்டட்டில் துளையிட்டுத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் கருவியை நான் விரும்புவதில்லை. அது உள்ளே முறிந்தால் உடைந்த டேப் கதைதான்.

எஞ்சின் பிளாக்கில் ஹெட் போல்ட் துளையே போயிருந்தால் வீட்டில் முயலாதீர்கள். பிளாக்கை மில்லிங் இயந்திரத்தில் ஏற்றி, வெளியே உள்ளே இரண்டு பக்கமும் மரை உள்ள எஃகு புஷ்ஷை இறக்குவதுதான் முறை. பூட்டும்போது, அடி மூடிய துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கவே கூடாது. திரவம் அமுங்காது, போல்ட் இறங்கும் வேகத்தில் வார்ப்பிரும்பையே பிளந்துவிடும்.

புதிய 8.8 தரப் போல்ட்டைப் போடுங்கள். முதலில் கையால் முழுதாகத் திருகிப் பாருங்கள். அடிவரை விரலாலேயே இறங்க வேண்டும். அலுமினியத்தில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் போதும். ஹெட் போல்ட்டுக்கு எஞ்சின் கையேட்டில் உள்ள எண் தவிர வேறெதுவும் வேண்டாம். தண்ணீர் அறைக்குள் திறக்கும் துளை என்றால் மரைக்கு சீலன்ட் தடவுங்கள். ஒருமுறை மலையேறி இறங்கி, எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, போல்ட்டின் இறுக்கத்தை (டார்க்) சரிபார்த்து, கேஸ்கட் விளிம்பில் வெள்ளைக் கறை படிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.