டிஸ்சார்ஜ் ஆனவரின் காயத்தைப் போனில் பின்தொடர்ந்து ஆய்வு செய்வது எப்படி?

எம்.எஸ். சர்ஜரி (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) படிக்கிறவர்கள் தீசிஸுக்கு, அதாவது ஆய்வேட்டுக்கு, எடுக்கும் தலைப்புகளில் இது இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது: வயிற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவரைப் போனில் கூப்பிட்டோ, வாட்ஸ்அப்பில் போட்டோ வாங்கியோ, காயத்தில் சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது. நல்ல தலைப்புதான். செலவு குறைவு, நோயாளிகள் உங்கள் வார்டிலேயே இருக்கிறார்கள், கைடும் சட்டென்று சரி என்பார். ஆனால் நான் பார்த்த தீசிஸ்களில் ஓட்டை ஒரே இடத்தில்தான் விழுகிறது. போனை எடுத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, எடுக்காதவர்களைத் 'தொடர்பில் இல்லை' என்று ஒரு வரியில் கழித்துவிடுகிறார்கள். சீழ் பிடித்தவர்கள் அந்தக் கழித்துவிட்ட கூட்டத்தில் அதிகமாக இருந்தால் உங்கள் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. அதனால் ஆய்வை அந்தப் போன் எடுக்காதவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

கொஞ்சம் பின்னணி. ஆபரேஷன் காயத் தொற்று என்றால் 30 நாள் கணக்கு, உள்ளே வலையோ பிளேட்டோ வைத்த சில ஆபரேஷன்களுக்கு 90 நாள். ஆபரேஷன் நாளே முதல் நாள், டிஸ்சார்ஜ் நாள் இல்லை. இதில் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். நோயாளி ஐந்தாறு நாளில் வீட்டுக்குப் போய்விட்டால் மீதி எல்லாம் நம் கண்ணில் படாமல் நடக்கிறது. 66 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட குடல் ஆபரேஷன் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2018-ல் வெளிவந்த குளோபல்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வில், மனித மேம்பாட்டுக் குறியீட்டில் மேலே இருக்கும் நாடுகளில் 9.4 சதவீதம் பேருக்கும், நடுவில் இருப்பவற்றில் 14 சதவீதம் பேருக்கும், கீழே இருப்பவற்றில் 23.2 சதவீதம் பேருக்கும் காயத் தொற்று வந்தது. இந்த இடைவெளி நாடுகளுக்கு இடையில் மட்டும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரே வார்டின் இரண்டு கட்டில்களுக்கு இடையிலும் இருக்கலாம்.

போனில் பார்ப்பது பலன் தருமா? எடின்பரோவில் அவசர வயிற்று ஆபரேஷன் ஆனவர்களிடம் ஸ்மார்ட்போன் வழியாகக் கேள்விகளும் காயப் படங்களும் வாங்கிய ஆய்வு 2021-ல் வந்தது. சராசரியாகத் தொற்றைக் கண்டுபிடிக்க ஆன நாள் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் முதல் ஏழு நாளுக்குள் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 3.7 மடங்கு கூடியது. சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்கள். அந்த ஊரில் அது சின்ன நிபந்தனை. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்போன் (ஸ்மார்ட்போன்கூட இல்லை, ஏதோ ஒரு போன்) இருக்கிற பெண்கள் 54 சதவீதம்தான். தமிழ்நாடு இதைவிட மேல் என்றாலும், 'ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் சேர்க்கப்பட மாட்டார்கள்' என்று புரோட்டோகாலில் (ஆய்வுத் திட்டத்தில்) ஒரு வரி எழுதினால் வயதான பெண்களையும் கூலி வேலைக்குப் போகிறவர்களையும் அந்த ஒரு வரியிலேயே வெளியே தள்ளிவிடுகிறீர்கள். அந்த வரியை எழுதாதீர்கள்.

போன் யாருடையது?

கேஸ் ஷீட்டில் இருக்கும் நம்பரை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் அட்மிஷன் அன்று கூட வந்தவருடைய நம்பர், அவர் மச்சானாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், டிஸ்சார்ஜ் நாளில் ஊரிலேயே இல்லாமலும் இருக்கலாம். ஆய்வுப் படிவத்தில் இதற்கென்று தனிக் கட்டங்கள் வையுங்கள்: போன் யாருடையது, பட்டன் போனா டச் போனா, பகலில் யார் கையில் இருக்கும், ரீசார்ஜ் முடிந்தால் யார் போடுவார்கள். கடைசிக் கேள்வி கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. வேலிடிட்டி முடிந்து சில நாளில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும் என்பதால் 30 நாள் ஆய்வுக்கு அது முக்கியம். இரண்டாவது நம்பர் கட்டாயம். மூன்றாவதாகத் தெரு, ஊர், எந்தத் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்டது என்பதையும் எழுதுங்கள், ஏன் என்று பின்னால் வருகிறது.

அப்புறம் வார்டில் இருக்கும்போதே ஆய்வு போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்துப் பாருங்கள். மணி அடித்ததும், அவர் கண் முன்னாலேயே 'ஆஸ்பத்திரி' என்று பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள். தெரியாத நம்பர் என்றால் லோன்காரன் என்று பயந்தே எடுக்காதவர்கள் ஏராளம். கூப்பிடும் நேரத்தையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். கூலிக்குப் போகிற வீட்டில் காலை பதினோரு மணிக்கு அடித்துவிட்டு 'பதில் இல்லை' என்று குறிப்பது நியாயமே இல்லை.

இதன்படி நோயாளிகளை மூன்று வழியில் பிரிக்கலாம். டச் போன் இருந்தால் போட்டோவும் கேள்விகளும், பட்டன் போன் என்றால் கேள்விகள் மட்டும், போனே இல்லை என்றால் கிராம சுகாதார செவிலியர் வழியாக. ருவாண்டாவின் கிரேஹே மாவட்டத்தில் சிசேரியன் ஆன பெண்களின் வீட்டுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் போய்க் காயத்தைப் பார்த்துப் படம் எடுத்து வந்தார்கள். இங்கே அந்த இடத்தில் செவிலியர் அக்கா ஏற்கெனவே இருக்கிறார். ஆனால் அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை, வாய்மொழியாகக் கெஞ்சி வாங்க முடியாது, மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பிக்கும்போதே இதையும் தொடங்கிவிடுவது நல்லது.

கமிட்டி, பதிவு, ஒப்புதல்

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்ததும், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்துவிடுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு அங்கே கிடையாது. போன், வீடியோ வழியாக மருத்துவம் பார்ப்பதற்கென்று 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி, நோயாளி தானாகக் கூப்பிட்டால் சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம், மருத்துவர் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் வெளிப்படையான சம்மதம் வேண்டும். நீங்கள்தான் கூப்பிடப் போகிறீர்கள், ஆகவே ஒப்புதல் படிவத்தில் போன் அழைப்பையும் படத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். படம் வேண்டாம், பேசுகிறேன் என்பவர்கள் உண்டு. திருப்பூர், சென்னைப் பக்கம் என்றால் இந்தியிலும் ஒரு படிவம் வையுங்கள். வட மாநிலத் தொழிலாளர்களை மொழி தெரியவில்லை என்று விட்டுவிடுவதும் மேலே சொன்ன அதே தவறுதான்.

படங்களை உங்கள் சொந்த போனில் வாங்கவே கூடாது. வாட்ஸ்அப் படம் தானாக கேலரிக்குப் போகும், கேலரி தானாக கிளவுடுக்குப் போகும், அப்புறம் வீட்டு ஆல்பத்தில் யாரோ ஒருவரின் வயிறு இருக்கும். துறையின் பெயரில் ஒரு போன், ஒரு சிம், தானியங்கிச் சேமிப்பு அணைக்கப்பட்டு.

என்ன கேட்பது?

"காயம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு டாக்டர்" என்றுதான் பதில் வரும். டாக்டரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற மரியாதை அது. பார்த்ததைச் சொல்ல வைக்கும் கேள்விகளாகக் கேளுங்கள். "நேத்து எத்தனை தடவை துணி மாத்தினீங்க?", "துணியில பட்டது தண்ணி மாதிரியா, மஞ்சளா, கெட்டியா?", "நாத்தம் அடிக்குதா?", "தையல் எங்கயாவது விட்டிருக்கா?", "புறங்கையை வச்சுப் பாருங்க, பக்கத்துத் தோலைவிடச் சூடா இருக்கா?" கூடவே மறக்கக் கூடாத ஒன்று: "வேற எங்கயாவது காட்டினீங்களா, மெடிக்கல்ல மாத்திரை வாங்கினீங்களா?" ஊர் கிளினிக்கில் தையலைப் பிரித்துச் சீழ் எடுத்துவிட்டு, உங்கள் கணக்கில் 'தொற்று இல்லை' என்று நிற்பவர்கள் இந்தக் கேள்வியில்தான் வெளியே வருவார்கள். ஏற்கெனவே சோதிக்கப்பட்ட படிவம் வேண்டுமென்றால் புளூபெல் (Bluebelle) என்ற ஆங்கிலக் காயக் கேள்வித்தாள் இருக்கிறது, ஆனால் தமிழாக்கிவிட்டு அப்படியே களத்தில் இறக்காமல் வார்டில் சிலரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

படம் எடுப்பதை டிஸ்சார்ஜ் அன்று ஒருமுறை செய்து காட்ட வேண்டும், எடுக்கப் போகிற மகளுக்கோ மருமகனுக்கோ. ஜன்னல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம், கை கழுவிய பிறகு, ஓர் அடி தூரத்திலிருந்து ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று, முகம் வரக்கூடாது. ஆய்வு எண்ணும் சென்டிமீட்டர் கோடும் அச்சடித்த காகிதத் துண்டைக் கொடுத்தனுப்பிக் காயத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னால் அளவும் தெரியும், ஆளும் மாறாது.

சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். பாடப்புத்தகப் படங்களில் தொற்று என்றால் வெள்ளைத் தோலில் பளிச்சென்று சிவப்பு. கறுத்த தோலில் அது அடர்பழுப்பாகவோ ஊதாவாகவோ மங்கிப்போகும், மலிவான கேமராவில் சுத்தமாகத் தெரியாது. கருவிகள் தோல் நிறத்தில் தடுக்கி விழுவது புதிதும் இல்லை: 2020-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் பல்ஸ் ஆக்சிமீட்டர் சரியான அளவு காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தது, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்திலும் வெள்ளையர்களுடையதில் 3.6 சதவீதத்திலும். ஆகவே சூடு, வீக்கம், வலி, கசிவு இவற்றுக்கே எடை கொடுங்கள். படத்தை வைத்துத் தொற்றைச் சொல்லும் செயலி ஏதாவது கைக்கு வந்தால், எந்தத் தோல் நிறப் படங்களில் பழக்கினார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

சீழ் தெரிந்தால் என்ன செய்வது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குப் படம் வந்தால் யார் பார்ப்பது, மறுநாள் ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேராக டிரஸ்ஸிங் அறைக்கு வர என்ன சீட்டு, பஸ் காசுக்கு ஆய்வு நிதியில் இடம் உண்டா. இது இல்லாமல் படம் மட்டும் வாங்குவது வெறும் வேடிக்கை பார்ப்பது.

எண்ணும்போது

30-ம் நாளையொட்டி முடிந்தவரை எல்லாரையும் நேரில் ஒரு முறை பாருங்கள். பார்க்கிறவருக்குப் போனில் வந்த பதில் தெரியக் கூடாது. அப்போதுதான் போன் எத்தனை தொற்றைப் பிடித்தது, எத்தனையை விட்டது என்று சொல்ல முடியும். போனிலும் நேரிலும் பிடிக்கவே முடியாதவர்களில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்துச் செவிலியர் மூலம் வீட்டில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், ஊரும் துணை சுகாதார நிலையமும் எழுதி வைத்தது இதற்குத்தான்.

கணக்கு இப்படி. 200 பேரில் 150 பேரைப் பிடித்தீர்கள், 15 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் விட்டுப்போன 50 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால் அது 7.5, அத்தனை பேருக்கும் இருந்தது என்றால் 32.5. இரண்டையும் எழுதுங்கள். கூடவே பிடித்தவர்களையும் விட்டவர்களையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: வயது, பெண்ணா ஆணா, ஊர் தூரம், போன் வகை, அவசர ஆபரேஷனா இல்லையா. என்னைக் கேட்டால் தீசிஸின் மிக முக்கியமான அட்டவணை இதுதான், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருக்கும்.

'எல்லாருக்கும் கேள்விகளின் லிங்க் அனுப்பினோம்' என்பதைச் சாதனையாக எழுதாதீர்கள். கனடாவின் ஒன்டாரியோவில் ஆபரேஷன் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைக் கட்டாயமாக்கி, மருத்துவமனைகள் கிட்டத்தட்ட முழுமையாகப் பின்பற்றுவதாக அறிக்கையும் கொடுத்தன. 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வந்த முடிவில் இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அனுப்பியது எத்தனை, திறந்தது எத்தனை, முழுதாகப் பதில் வந்தது எத்தனை, அதைப் பார்த்து யாராவது ஏதாவது செய்தது எத்தனை என்று நான்கு எண்கள் கொடுங்கள்.

இன்னொன்று: நீங்கள் பரீட்சை எழுதிவிட்டுப் போன பிறகும் அந்த நம்பருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும், ஹெர்னியாவுக்காக, பேரனின் காய்ச்சலுக்காக, எதற்கு வேண்டுமானாலும். சிம்மை உடைத்துப் போடாமல், அடுத்த ஆண்டு பி.ஜி. மாணவரிடமோ வார்டு சிஸ்டரிடமோ கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள், ரீசார்ஜை யார் கட்டுவது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.